பீகிள்போன் பிளாக்குக்குச் சொந்தமாக ஒரு கிராஸ் டூல்செயின்: போர்டிடம் கேட்பதில் தொடங்கி ஜிடிபி வரை

போர்டில் எல்எஸ் அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. இயக்கும் அனுமதியும் இருக்கிறது. ஓடவிட்டால் மட்டும் ஷெல் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்கிறது. எம்பெடட் லினக்ஸுக்கு வந்த புதிதில் இந்த ஒரு வரியோடு நான் ஒன்றரை நாள் போராடியிருக்கிறேன். கோப்பைத் திரும்பத் திரும்பக் காப்பி செய்தேன், எஸ்டி கார்டை மாற்றினேன், கேபிளைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஷெல் காணவில்லை என்று சொன்னது என் நிரலை இல்லை. அந்த நிரல் தன்னையும் தனக்கு வேண்டிய லைப்ரரிகளையும் நினைவகத்தில் ஏற்றிவிடும்படி தேடிய டைனமிக் லோடர்தான் அந்தப் போர்டில் கிடையாது. ஏனென்றால் நான் கம்பைல் செய்யப் பயன்படுத்திய டூல்செயின், அதாவது கம்பைலர், லிங்கர், லைப்ரரிகள் அடங்கிய கருவித் தொகுப்பு, வேறொரு மாதிரிப் போர்டுக்கானது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டூல்செயின் வேலையை லேப்டாப்பில் தொடங்குவதில்லை, போர்டில் தொடங்குகிறேன். எந்தப் பிராசசர், எந்தக் கெர்னல், எந்த சி லைப்ரரி என்பதைப் போர்டுதான் முடிவு செய்கிறது. அதற்குப் பொருந்துகிற மாதிரி கருவிகளைக் கட்டிக்கொள்வதுதான் நம் வேலை. லேப்டாப்பில் ஓடிக்கொண்டே போர்டுக்கான நிரலைக் கட்டித்தரும் டூல்செயினைத்தான் கிராஸ் டூல்செயின் என்கிறோம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகும்.

எடுத்துக்கொள்ளும் போர்டு பீகிள்போன் பிளாக். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்3358 சிப், 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-ஏ8, 512 எம்பி ராம். அதில் டெபியன் 10 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் தேதியிட்ட அந்த இமேஜ் இன்னும் நிறையப் போர்டுகளில் இருக்கிறது. லேப்டாப்பில் உபுண்டு அல்லது டெபியன் இருந்தால் போதும். கட்டளைகளைப் படிக்கும் ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் வேலை: போர்டிடம் கேளுங்கள்

சீரியல் கன்சோல் வழியாகவோ எஸ்எஸ்எச் வழியாகவோ போர்டுக்குள் போங்கள். ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'யூநேம் -எம்' என்று தட்டினால் 'ஆர்ம்வி7எல்' என்று வரும். 'யூநேம் -ஆர்' கெர்னல் பதிப்பைச் சொல்லும். நம் இமேஜில் அது 4.19-ல் தொடங்கும். அப்புறம் '/பிராக்/சிபியூஇன்ஃபோ' கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'சிபியூ பார்ட்' என்ற வரியில் 0எக்ஸ்சி08 இருந்தால் அது கார்டெக்ஸ்-ஏ8. 'ஃபீச்சர்ஸ்' என்ற வரியில் நியான், விஎஃப்பிவி3 இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோட்டிங் பாயின்ட் வன்பொருள் உண்டா என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்தது சி லைப்ரரி. 'எல்டிடி --வெர்ஷன்' அடித்தால் முதல் வரியில் 2.28 என்று காட்டும். பிசிபாக்ஸ் (பல கட்டளைகளை ஒரே சின்ன நிரலில் அடக்கிய தொகுப்பு) மட்டும் உள்ள சின்னப் போர்டில் எல்டிடி இருக்காது. அங்கே லிப்சி.எஸ்ஓ.6 கோப்பையே ஒரு நிரல்போல ஓடவிடுங்கள். ஜிலிப்சி (டெபியனில் இருக்கும் சி லைப்ரரி) தன் பதிப்பைத் தானே சொல்லிவிடும். இது பலருக்குத் தெரியாத வசதி, எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

கடைசியாக 'எல்எஸ் /லிப்/எல்டி-*'. எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3 என்று இருந்தால் போர்டு ஹார்ட் ஃப்ளோட். வெறும் எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3 மட்டும் இருந்தால் சாஃப்ட் ஃப்ளோட் ஏபிஐ. இரண்டும் தசம எண்களை ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் முறைகள், விளக்கம் பின்னால் வரும். எல்டி-மஸ்ல் என்று தொடங்கினால் அங்கே ஜிலிப்சியே இல்லை, மஸ்ல் லைப்ரரி இருக்கிறது. நான் ஒன்றரை நாள் தொலைத்தது இந்த ஒரு வரியைப் பார்க்காததால்தான்.

ஒரு எச்சரிக்கை. 'யூநேம் -எம்' கெர்னலைப் பற்றித்தான் பேசும், அதற்கு மேலே ஓடும் நிரல்களைப் பற்றிப் பேசாது. ராஸ்ப்பெரி பை சிலவற்றில் 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் நிரல்கள் ஓடும். யூநேம் 'ஏஆர்ச்64' என்று சொன்னாலும் டூல்செயின் 32 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 'கெட்கான்ஃப் லாங்_பிட்' அடித்துப் பாருங்கள்.

சரி, நோட்டில் இப்போது நான்கு விஷயம் இருக்கிறது: கார்டெக்ஸ்-ஏ8 நியானுடன், கெர்னல் 4.19, ஜிலிப்சி 2.28, ஹார்ட் ஃப்ளோட். இனிமேல் டூல்செயின் கட்டும் மெனுவில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இந்த நோட்டில்தான் இருக்கிறது.

கட்டுவதா, எடுத்துக்கொள்வதா?

உபுண்டுவில் 'கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்எச்எஃப்' என்ற ஒரே பேக்கேஜில் எல்லாம் வந்துவிடும். ஆர்ம் நிறுவனமும் பூட்லின் நிறுவனமும் தயாராகக் கட்டிய டூல்செயின்களைத் தருகின்றன. போர்டும் லேப்டாப்பும் ஒத்த வயது டிஸ்ட்ரிபியூஷனில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், கட்ட வேண்டாம்.

நம் நிலைமை அப்படி இல்லை. உபுண்டு 22.04-ல் வரும் கிராஸ் கம்பைலர் ஜிலிப்சி 2.35-ஐ நம்பிக் கட்டும். போர்டில் இருப்பது 2.28. 2.34 பதிப்பில் பித்ரெட் லைப்ரரியை முக்கிய லிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், நிரலைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் புதுப் பதிப்பு முத்திரை வந்துவிட்டது. அதனால் 'ஹலோ வேர்ல்டு'கூடப் பழைய போர்டில் ஓடாது. 'வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிடும். பழைய நிரல் புது ஜிலிப்சியில் ஓடும், புது நிரல் பழைய ஜிலிப்சியில் ஓடாது. இந்த ஒருவழிப் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. 'ஆர்ம்-நன்-இஏபிஐ' என்று தொடங்கும் கம்பைலரை இறக்கி வைத்துக்கொண்டு லினக்ஸ் நிரலைக் கம்பைல் செய்யப் பார்ப்பார்கள். அது ஓஎஸ் இல்லாத மைக்ரோகன்ட்ரோலர்களுக்கானது. நமக்குப் பெயரின் நடுவில் 'லினக்ஸ்' இருக்க வேண்டும்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போதே முழுப் பெயரையும் பிரித்துப் பார்த்துவிடலாம். நாம் கட்டப்போவது 'ஆர்ம்-கார்டெக்ஸ்_ஏ8-லினக்ஸ்-ஜிஎன்யூஇஏபிஐஎச்எஃப்'. முதல் துண்டு பிராசசர் குடும்பம். இரண்டாவது கட்டியவர் விருப்பப்படி வைக்கும் அடையாளம், அதற்குத் தொழில்நுட்ப அர்த்தம் கிடையாது. மூன்றாவது கெர்னல். நான்காவதில் 'ஜிஎன்யூ' என்றால் ஜிலிப்சி, 'இஏபிஐ' என்றால் ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் ஒப்பந்தம், 'எச்எஃப்' என்றால் ஹார்ட் ஃப்ளோட். இதைத்தான் டப்பிள் என்கிறார்கள். கம்பைலர், லிங்கர், ஸ்ட்ரிப் என்று ஒவ்வொரு கருவியும் இந்தப் பெயரை முன்னொட்டாகப் போட்டுக்கொண்டுதான் வரும். இனிமேல் நான் 'முன்னொட்டு' என்று சொன்னால் இந்த முழுப் பெயர்தான்.

லேப்டாப்பைத் தயார் செய்தல்

கிராஸ்டூல்-என்ஜி என்ற கருவியைப் பயன்படுத்துவோம். டான் கேகல் எழுதிய கிராஸ்டூல் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பின் வழியில் யான் மோரின் தொடங்கியது இது. கையால் கட்டினால் நாள்கணக்கில் இழுக்கும் வேலையை இது மெனுவாக மாற்றித் தருகிறது.

ஏபிடி வழியாக முதலில் இவற்றைப் போடுங்கள்: பில்ட்-எசென்ஷியல், கிட், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், பைசன், ஃப்ளெக்ஸ், காக், ஜிபெர்ஃப், ஹெல்ப்2மேன், லிப்டூல்-பின், லிப்என்கர்சஸ்-டெவ், டெக்ஸ்இன்ஃபோ, அன்ஜிப், டபிள்யூகெட், எக்ஸ்இசட்-யூடில்ஸ், பைத்தான்3-டெவ், ஆர்சிங்க். ஏதாவது விடுபட்டால் கவலை வேண்டாம், கான்ஃபிகர் கட்டத்தில் அதுவே பெயர் சொல்லி நிற்கும்.

சில நிபந்தனைகள். ரூட் யூசராக ஓட்டாதீர்கள். கிராஸ்டூல்-என்ஜி மறுத்துவிடும், அது நியாயமானதும்கூட. 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறி போடப்பட்டிருந்தால் அன்செட் செய்யுங்கள். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்கள் சி டிரைவின் கீழே கட்டக் கூடாது, லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில்தான் கட்ட வேண்டும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாட்டை மதிக்காத ஃபைல் சிஸ்டத்தில் கெர்னல் ஹெடர்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வட்டில் சில கிகாபைட் காலி இடம் வேண்டும்.

கிராஸ்டூல்-என்ஜியின் 1.26.0 பதிப்பை கிட் வழியாக எடுத்து, அந்த ஃபோல்டருக்குள் போய் வரிசையாக: './பூட்ஸ்ட்ராப்', './கான்ஃபிகர் --எனேபிள்-லோக்கல்', 'மேக்'. லோக்கல் என்று கொடுத்ததால் எங்கேயும் இன்ஸ்டால் செய்யாமல் அதே ஃபோல்டரிலிருந்து ஓட்டலாம். கூடவே ஹோமில் 'எஸ்ஆர்சி' என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிடுங்கள். இறக்குமதியாகும் டார் கோப்புகளை அங்கே சேமித்துவைக்கும். அந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் சேமிக்காது, அடுத்த முறை எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

மெனுவுக்குள்

வெறுமையிலிருந்து தொடங்க வேண்டாம். './சிடி-என்ஜி லிஸ்ட்-சாம்பிள்ஸ்' என்றால் தயார் மாதிரிகளின் பட்டியல் வரும். அதில் நமக்கு நெருக்கமானது 'ஆர்ம்-கார்டெக்ஸ்_ஏ8-லினக்ஸ்-ஜிஎன்யூஇஏபிஐ'. அதன் பெயரையே சிடி-என்ஜிக்குக் கொடுத்தால் கான்ஃபிக் கோப்பாக மாறிவிடும். கடைசியில் எச்எஃப் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை நாம் சேர்க்கப்போகிறோம். இப்போது './சிடி-என்ஜி மெனுகான்ஃபிக்'.

பாத்ஸ் அண்ட் மிஸ்க் ஆப்ஷன்ஸ்: இங்கே 'ரெண்டர் தி டூல்செயின் ரீட்-ஒன்லி' என்பதை அணைத்துவிடுங்கள். பின்னால் நம் லைப்ரரிகளை சிஸ்ரூட்டுக்குள் (போர்டின் லைப்ரரிகளுக்காக டூல்செயின் லேப்டாப்பில் வைத்திருக்கும் ஃபோல்டர்) சேர்க்கும்போது அது பூட்டியிருந்தால் தகராறு. பழைய பதிப்புகள் பட்டியலில் தெரியவில்லை என்றால் 'யூஸ் ஆப்சலீட் ஃபீச்சர்ஸ்' என்பதை இயக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

டார்கெட் ஆப்ஷன்ஸ்: ஃப்ளோட்டிங் பாயின்ட் என்ற இடத்தில் ஹார்டுவேரைத் தேர்ந்தெடுங்கள். எஃப்பியூ (தசமக் கணக்குப் போடும் வன்பொருள்) என்ற இடத்தில் 'நியான்' என்று எழுதுங்கள். சிபியூ ஏற்கெனவே கார்டெக்ஸ்-ஏ8 என்று இருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஃப்ளோட் ஏபிஐயில் குழம்பாதவர்கள் குறைவு. மூன்று வகை உண்டு. சாஃப்ட் என்றால் தசமக் கணக்கெல்லாம் லைப்ரரி ஃபங்ஷன்கள் வழியாக நடக்கும். சாஃப்ட்எஃப்பி என்றால் கணக்கை வன்பொருள் செய்யும், ஆனால் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் தசம எண்கள் சாதாரண இன்டிஜர் ரிஜிஸ்டர் வழியாகப் போகும். ஹார்ட் என்றால் கணக்கும் வன்பொருளில், கொடுக்கல் வாங்கலும் எஃப்பியூ ரிஜிஸ்டரில். முதல் இரண்டும் ஒன்றோடொன்று லிங்க் ஆகும். மூன்றாவது அவற்றோடு ஒட்டவே ஒட்டாது. லிங்கர் 'யூசஸ் விஎஃப்பி ரிஜிஸ்டர் ஆர்க்யூமென்ட்ஸ், அவுட்புட் டஸ் நாட்' என்று திட்டினால், எங்கேயோ ஒரு லைப்ரரி வேறு ஏபிஐயில் கட்டப்பட்டு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். டெபியனின் ஆர்ம்எச்எஃப் 2013-ல் வெளிவந்த வீசி பதிப்பிலிருந்தே ஹார்ட்தான். நம் போர்டும் அதுவே.

ஆப்பரேட்டிங் சிஸ்டம்: கெர்னல் ஹெடர் பதிப்பு 4.19. போர்டில் ஓடும் கெர்னலைவிடப் பழைய ஹெடர் வைத்தால் பரவாயில்லை. புதியதை வைத்தால், போர்டின் கெர்னலுக்கே தெரியாத சிஸ்டம் காலை நம் நிரல் கேட்க நேரும்.

சி-லைப்ரரி: ஜிலிப்சி, பதிப்பு 2.28. போர்டில் இருப்பதற்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கலாம், மேலே போகக் கூடாது.

போர்டின் ரூட் ஃபைல் சிஸ்டத்தையும் நீங்களே கட்டுவதாக இருந்தால் இந்த இடத்தில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு, அப்போது 2038-ஐயும் யோசியுங்கள். 32 பிட் ஆர்மில் நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய வழக்கம் 2038 ஜனவரி 19-ல் நிரம்பி வழியும். மஸ்ல் 1.2.0-லிருந்து 32 பிட்டிலும் நேரம் 64 பிட்டாகிவிட்டது. ஜிலிப்சியில் 2.34-லிருந்து, கம்பைல் செய்யும்போது கேட்டால் மட்டும் கிடைக்கும். மின்மீட்டர், பம்ப் கன்ட்ரோலர் மாதிரி 15 வருஷம் சுவரில் தொங்கப்போகும் பொருளைச் செய்கிறவர்களுக்கு இது தூரத்துக் கவலை இல்லை.

சி கம்பைலர்: சி++ தேவையென்றால் அதை இயக்குங்கள். ஜிசிசியில் 8-வது வரிசையைத் தேர்ந்தெடுங்கள். புதியது இருக்க ஏன் பழசு என்று கேட்கலாம். டெபியன் 10-ல் இருக்கும் எஸ்டிடிசி++ லைப்ரரி ஜிசிசி 8-ன் உடன்பிறப்பு. ஜிசிசி 12-ல் கட்டிய சி++ நிரல், போர்டில் இல்லாத ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் முத்திரைகளைத் தேடக்கூடும். புதுக் கம்பைலர் வேண்டியே தீரும் என்றால் லிங்க் செய்யும்போது '-ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++' கொடுத்து அந்த லைப்ரரியை நிரலுக்குள்ளேயே வைத்துவிடலாம்.

டிபக் ஃபெசிலிட்டீஸ்: ஜிடிபி என்ற டிபக்கரை இயக்கி, கிராஸ் ஜிடிபி, ஜிடிபிசெர்வர் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். சேமித்து வெளியே வாருங்கள்.

கட்டும் நேரம்

'./சிடி-என்ஜி பில்ட்'. அவ்வளவுதான். கணினியின் வேகத்தைப் பொறுத்து அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை ஆகும்.

திரையில் ஓடும் வரிகளில் ஜிசிசி ஒன்றுக்கு இரண்டு முறை வருவதைப் பார்ப்பீர்கள். அது தவறு இல்லை. முழுமையான ஜிசிசி கட்ட சி லைப்ரரி வேண்டும்; சி லைப்ரரியைக் கட்ட ஒரு ஜிசிசி வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, முதலில் பின்யூட்டில்ஸ் (லிங்கர், அசெம்பிளர் போன்ற கருவிகள்) கட்டி, அப்புறம் சி மட்டும் தெரிந்த, எந்த லைப்ரரியையும் சாராத ஒரு அரை ஜிசிசியைக் கட்டுகிறார்கள். கெர்னல் ஹெடர்களை வைத்து அந்த அரை ஜிசிசியால் ஜிலிப்சியைக் கட்டுகிறார்கள். பிறகு அந்த ஜிலிப்சியின் மேல் முழு ஜிசிசி.

நடுவில் நின்றுவிட்டால் திரையில் தெரியும் கடைசி வரியை மட்டும் பார்த்துக் குழம்பாதீர்கள். 'பில்ட்.லாக்' கோப்பைத் திறந்து, கீழிருந்து மேலே போய் 'எரர்' என்று முதலில் வந்த இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு டார் கோப்பு இறங்காமல் போயிருக்கும். அந்தக் கோப்பை பிரௌசரில் இறக்கி 'எஸ்ஆர்சி' ஃபோல்டரில் போட்டுவிட்டுத் திரும்ப ஓடவிட்டால் போதும்.

முடிந்ததும் ஹோமில் 'எக்ஸ்-டூல்ஸ்' என்ற ஃபோல்டரில் நம் முன்னொட்டின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் உள்ளே உள்ள 'பின்' ஃபோல்டரை பாத் மாறியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்டுக்கு அனுப்பும் முன் சோதனை

ஒரு ஹலோ வேர்ல்டு எழுதி 'முன்னொட்டு-ஜிசிசி' வைத்துக் கம்பைல் செய்யுங்கள். போர்டுக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். லேப்டாப்பிலேயே மூன்று பார்வை பார்த்துவிடலாம்.

'ஃபைல் ஹலோ' என்று அடியுங்கள். ஈஎல்எஃப் 32-பிட், ஆர்ம், இஏபிஐ5 என்று வரும். கூடவே 'இன்டர்ப்ரெட்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் /லிப்/எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3 இருக்க வேண்டும். இது உங்கள் நோட்டில் குறித்த லோடரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் நான் பட்ட பாடு உங்களுக்கு இல்லை.

'முன்னொட்டு-ரீட்எல்ஃப் -ஏ' கட்டளையில் ஏ பெரிய எழுத்து. அதில் 'டேக்_சிபியூ_ஆர்ச்' வரியில் வி7-உம் 'டேக்_ஏபிஐ_விஎஃப்பி_ஆர்க்ஸ்' வரியில் விஎஃப்பி ரிஜிஸ்டர்ஸ் என்றும் இருந்தால் ஹார்ட் ஃப்ளோட் உறுதி. 'ரீட்எல்ஃப் -வி' (வி பெரிய எழுத்து) கொடுத்தால் நிரல் கேட்கும் ஜிலிப்சி முத்திரைகள் எல்லாம் வரும். அதில் எதுவும் 2.28-ஐத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, ஆர்ம் பிராசசரை லேப்டாப்பிலேயே நடித்துக்காட்டும் கியூஎமு என்ற எமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது. 'கியூஎமு-யூசர்' பேக்கேஜைப் போட்டுக்கொண்டு இப்படி: 'கியூஎமு-ஆர்ம் -சிபியூ கார்டெக்ஸ்-ஏ8 -எல் சிஸ்ரூட்-பாதை ./ஹலோ'. எல் பெரிய எழுத்து. சிஸ்ரூட் பாதை தெரியாவிட்டால் 'முன்னொட்டு-ஜிசிசி -பிரின்ட்-சிஸ்ரூட்' சொல்லிவிடும்.

அந்த '-சிபியூ கார்டெக்ஸ்-ஏ8' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் கியூஎமு தனக்குத் தெரிந்த எல்லா ஆர்ம் கட்டளைகளையும் ஏற்றுக்கொள்ளும். ஓர் உதாரணம் சொல்கிறேன். கார்டெக்ஸ்-ஏ7-ல் முழு எண்களை வகுக்க வன்பொருள் கட்டளை உண்டு, கார்டெக்ஸ்-ஏ8-ல் கிடையாது. எங்கேயோ ஒரு மேக்ஃபைலில் '-எம்சிபியூ=கார்டெக்ஸ்-ஏ7' என்று மறந்துபோய்க் கிடந்தால், நிரல் கியூஎமுவில் அழகாக ஓடும், போர்டிலும் பல மணி நேரம் ஓடும். வகுத்தல் வரும் அந்த வரியைத் தொட்டதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்துவிழும். முதல் தலைமுறை ராஸ்ப்பெரி பையில் இதே கதை வேறு உருவில் நடக்கும். அது ஆர்ம்வி6, டெபியனின் ஆர்ம்எச்எஃப் கம்பைலர் ஆர்ம்வி7-க்குக் கட்டும். இரண்டிலும் ஹார்ட் ஃப்ளோட்தான், லோடர் பெயரும் ஒன்றுதான், ஆனாலும் ஓடாது.

சிஸ்ரூட்டுக்குள் லைப்ரரி சேர்த்தல்

ஹலோ வேர்ல்டு யாருக்கும் சோறு போடாது. உண்மையான நிரலுக்கு இசட்லிப், ஓபன்எஸ்எஸ்எல் என்று ஏதாவது வேண்டும். அவற்றின் ஹெடர்களும் லைப்ரரிகளும் இருக்க வேண்டிய இடம் சிஸ்ரூட். போர்டின் ரூட் ஃபைல் சிஸ்டத்துக்கு லேப்டாப்பில் வைத்திருக்கும் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இசட்லிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் சோர்ஸை விரித்து, 'சிசி=முன்னொட்டு-ஜிசிசி ./கான்ஃபிகர் --பிரிஃபிக்ஸ்=/யூஎஸ்ஆர்', அப்புறம் 'மேக்', அப்புறம் 'மேக் டெஸ்ட்டிர்=சிஸ்ரூட்-பாதை இன்ஸ்டால்'. இதில் சிசி, டெஸ்ட்டிர் இரண்டும் பெரிய எழுத்து. பிரிஃபிக்ஸ் என்பது போர்டில் அந்த லைப்ரரி குடியிருக்கப்போகும் முகவரி. டெஸ்ட்டிர் என்பது இப்போதைக்கு லேப்டாப்பில் அதை இறக்கிவைக்கும் இடம். இரண்டையும் குழப்பி, பிரிஃபிக்ஸிலேயே லேப்டாப் பாதையைக் கொடுத்துவிட்டால், 'ஹோம்' என்று தொடங்கும் உங்கள் பாதை லைப்ரரியின் பிசி கோப்பிலும் (பேக்கேஜ்-கான்ஃபிக் கருவி படிக்கும் விவரக் கோப்பு) சில நேரம் பைனரிக்குள்ளும் பதிந்துவிடும்.

போர்டிலிருந்தே ஆர்சிங்க் செய்து /லிப், /யூஎஸ்ஆர் இரண்டையும் கொண்டுவந்து சிஸ்ரூட்டாக வைப்பவர்களும் உண்டு. முடியும், ஆனால் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, '/லிப்/...' என்று முழுப் பாதையில் சுட்டும் சிம்லிங்க்குகள் லேப்டாப்புக்கு வந்ததும் லேப்டாப்பின் /லிப்பைச் சுட்டும். அவற்றை ரிலேட்டிவ் பாதைகளாக மாற்ற வேண்டும். இரண்டு, டெபியன் தன் லைப்ரரிகளை 'ஆர்ம்-லினக்ஸ்-ஜிஎன்யூஇஏபிஐஎச்எஃப்' என்ற துணை ஃபோல்டரில் வைக்கிறது. நம் முன்னொட்டில் 'கார்டெக்ஸ்_ஏ8' என்று ஒரு துண்டு கூடுதலாக இருப்பதால் நம் ஜிசிசி அந்த ஃபோல்டரைத் தானாகத் தேடாது. '-எல்' (பெரிய எழுத்து), '-ரேபாத்-லிங்க்' என்று கையால் வழிகாட்ட வேண்டிவரும். நான் தேவையான நாலைந்து லைப்ரரிகளைச் சோர்ஸிலிருந்து கட்டிக்கொள்வதையே விரும்புகிறேன். போர்டில் இருக்கும் பதிப்பையே எடுத்துக் கட்டுங்கள், அதில் மட்டும் சோம்பல் கூடாது.

பில்ட் சிஸ்டங்களுக்குச் சொல்லிக்கொடுத்தல்

ஆட்டோடூல்ஸ் வைத்திருக்கும் ப்ராஜெக்டுக்கு './கான்ஃபிகர் --ஹோஸ்ட்=முன்னொட்டு' போதும். ஹோஸ்ட் என்றால் லேப்டாப் என்று நினைத்துத் தடுமாறுவார்கள். அவர்கள் மொழியில் பில்ட் என்பது கம்பைல் நடக்கும் கணினி, ஹோஸ்ட் என்பது நிரல் ஓடப்போகும் கணினி. 'கெனாட் ரன் டெஸ்ட் ப்ரோக்ராம் வைல் கிராஸ் கம்பைலிங்' என்று நின்றால், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒரு சோதனை நிரலை ஓடவிட்டு விடை தெரிந்துகொள்ளப் பார்க்கிறது என்று பொருள். அந்த விடையை நாமே கேஷ் மாறியாகக் கொடுத்துவிட வேண்டும். பழைய ப்ராஜெக்டுகளில் லிங்க் ஆகும்போது 'ஆர்பிஎல்_மல்லாக்' காணோம் என்று வருவது இந்த வகைதான்; 'ஏசி_சிவி_ஃபங்க்_மல்லாக்_0_நான்நல்=எஸ்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தீரும்.

லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று பில்ட் சிஸ்டத்துக்குச் சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக்தான் சத்தமில்லாமல் காலை வாரிவிடுவது. சும்மா விட்டால் அது லேப்டாப்பின் லைப்ரரிகளைக் காட்டிக்கொடுக்கும். 'பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர்' மாறியில் சிஸ்ரூட்டையும், 'பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்' மாறியில் சிஸ்ரூட்டுக்குள் இருக்கும் பேக்கேஜ்கான்ஃபிக் ஃபோல்டரையும் கொடுங்கள். 'பிகேஜி_கான்ஃபிக்_பாத்' என்ற மாறியைப் பயன்படுத்தாதீர்கள். அது இருக்கும் பட்டியலோடு சேர்க்கும், லிப்டிர் பட்டியலையே மாற்றும். நமக்கு வேண்டியது மாற்றுவது. லிங்கர் 'ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்' என்று சொல்லி லேப்டாப்பின் /யூஎஸ்ஆர்/லிப் பாதையைக் காட்டினால் இந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

சிமேக்குக்கு ஒரு டூல்செயின் கோப்பு எழுதிவிட்டால் எல்லா ப்ராஜெக்டுக்கும் அதுவே போதும். சிஸ்டம் நேம் லினக்ஸ், ப்ராசசர் ஆர்ம், சி கம்பைலருக்கும் சி++ கம்பைலருக்கும் நம் கருவிகளின் முழுப் பாதை, சிமேக்_சிஸ்ரூட். அப்புறம் 'ஃபைண்ட்_ரூட்_பாத்_மோட்' என்று தொடங்கும் நான்கு மாறிகள்: ப்ரோக்ராமுக்கு நெவர், லைப்ரரி, இன்க்ளூட், பேக்கேஜ் மூன்றுக்கும் ஒன்லி. காரணம் எளிது. கோட் உருவாக்கும் கருவிகள் லேப்டாப்பில் ஓட வேண்டியவை, அதனால் அவற்றை லேப்டாப்பில் தேடு. மற்ற மூன்றும் போர்டுக்குரியவை, சிஸ்ரூட்டைத் தாண்டித் தேடாதே.

கெர்னலுக்கும், போர்டைத் துவக்கிவைக்கும் யூ-பூட்டுக்கும் 'ஆர்ச்=ஆர்ம்', 'கிராஸ்_கம்பைல்=முன்னொட்டு-' இரண்டு மாறிகள் போதும். கடைசியில் இருக்கும் ஹைஃபனை விட்டால் கம்பைலர் கிடைக்காது. 64 பிட் போர்டில் கெர்னல் 'ஆர்ம்64' என்று கேட்கும், டூல்செயின் 'ஏஆர்ச்64' என்று அழைக்கும், இரண்டும் ஒன்றுதான்.

போர்டில் டிபக்

'-ஜி' கொடுத்துக் கம்பைல் செய்து, ஒரு நகலை 'முன்னொட்டு-ஸ்ட்ரிப்' வைத்து மெலிதாக்கிப் போர்டுக்கு அனுப்புங்கள். முழு நகல் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். சிஸ்ரூட்டுக்குப் பக்கத்தில் 'டிபக்-ரூட்' ஃபோல்டருக்குள் ஜிடிபிசெர்வர் இருக்கும், அதையும் போர்டுக்குக் காப்பி செய்யுங்கள். போர்டில் 'ஜிடிபிசெர்வர் :2345 ./நிரல்'. லேப்டாப்பில் 'முன்னொட்டு-ஜிடிபி'யில் முழு நகலைத் திறந்து, 'செட் சிஸ்ரூட்' கொடுத்து, 'டார்கெட் ரிமோட்' என்று போர்டின் ஐபியையும் 2345-ஐயும் கொடுத்தால் பிரேக்பாயின்ட் வைக்கலாம். பேக்ட்ரேஸில் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகளாக வந்தால், போர்டில் ஓடுவதும் லேப்டாப்பில் திறந்திருப்பதும் ஒரே கம்பைலில் பிறந்த நகல்கள்தானா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் './சிடி-என்ஜி சேவ்டெஃப்கான்ஃபிக்' அடித்து, கிடைக்கும் சின்னக் கோப்பை ப்ராஜெக்டின் கிட்டில் போடுங்கள். 'எஸ்ஆர்சி' ஃபோல்டரையும் பத்திரப்படுத்துங்கள். வேலை விட்டுப் போனவர் கட்டிய டூல்செயின் மட்டும் கையில் இருக்கிறது, கான்ஃபிக் எங்கே என்று தெரியவில்லை என்று யாராவது வந்தால் 'பின்' ஃபோல்டருக்குள் பார்க்கச் சொல்லுங்கள். கிராஸ்டூல்-என்ஜியில் கட்டியதாக இருந்தால் அங்கே 'முன்னொட்டு-சிடி-என்ஜி.கான்ஃபிக்' என்று ஒரு கோப்பு இருக்கும். ஓடவிட்டால், அந்த டூல்செயினைக் கட்டிய முழு கான்ஃபிக்கையும் திரையில் கொட்டும்.